பாவனை விமானமும் புதிய இயங்குதளமும்



செம்பனைத் தோட்டத்துக் குடியிருப்பிலும் சரி, தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த குடும்பத்திலும் சரி, இன்று கணினி புதுமைப் பொருள் அன்று. பிள்ளைகளின் பாடத்துக்கென்று வாங்கிய கணினியில், பாடம் முடிந்த வேளையில் விமானம் ஓட்டிப் பழகும் தம்பிமாரும் தங்கைமாரும் உண்டு. மேசை விளிம்பில் ஒரு கட்டுப்பாட்டுக் கோல், காலடியில் இரண்டு மிதிகள், கண்ணெதிரே ஒரு திரை. கோலைப் பின்னுக்கு இழுத்தால் திரையில் விமானத்தின் மூக்கு உயர்கிறது. முன்னுக்குத் தள்ளினால் தாழ்கிறது. இதை ஃபிளைட் சிமுலேட்டர் என்பார்கள். நாம் இந்த உரையில் பாவனை விமானம் என்றே சொல்லிக்கொள்வோம்.

இத்தகைய வீடுகளுக்கு 2025ஆம் ஆண்டில் ஒரு சோதனை வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு, விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. உடனே, பழைய கணினி இனி உதவாது, புதிது வாங்குங்கள் என்னும் பேச்சு எழுந்தது. சீட்டுப் பிடித்தும் மேல்வேலை செய்தும் வாங்கிய பொருளை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியுமா? மாற்றத்தான் வேண்டுமென்றால், பல மாதம் பாடுபட்டு அமைத்த பாவனை விமானம் புதிய தளத்துக்கு அப்படியே வந்து சேருமா? எதை எடுத்துவைக்க வேண்டும், எதை விட்டுவிடலாம்? இவற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில், இயங்குதளம் என்றால் என்ன? நமக்குத் தெரிந்த தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் மரம் சீவுபவர், குலை அறுப்பவர், மருந்து தெளிப்பவர், லாரி ஓட்டுபவர் என்று பலர் இருப்பர். ஆனால் யாருக்கு எந்த நிரை, யாருக்கு எந்த வீடு, ஸ்டோரிலிருந்து யாருக்கு என்ன சாமான் என்பதைத் தோட்ட ஆபீஸ்தான் தீர்மானிக்கும். கணினிக்குள் அந்த ஆபீசின் வேலையைச் செய்வதே இயங்குதளம். கடிதம் எழுதும் மென்பொருள், பாட்டுக் கேட்கும் மென்பொருள், பாவனை விமானம் எல்லாம் அந்த ஆபீசின் கீழ் வேலை செய்யும் ஆட்கள். நினைவகத்தில் இடமோ, திரையில் இடமோ, வன்தட்டில் இடமோ, ஆபீஸ் கொடுத்தால்தான் உண்டு.

ஆபீசில் செக்ரோல் என்னும் பேர்ப்பதிவுப் புத்தகம் இருக்கும். அதில் பேர் ஏறாதவருக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. விண்டோசுக்கும் அப்படி ஒரு புத்தகம் உண்டு. அதற்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். பாவனை விமானத்தைக் கணினியில் நிறுவும்போது அதன் பெயர், அது குடியிருக்கும் கோப்புறை முதலிய விவரங்கள் அந்தப் புத்தகத்தில் ஏறுகின்றன.

இன்னொன்றும் உண்டு. முற்காலத்தில் துரையின் பேச்சைத் தொழிலாளிக்கும், தொழிலாளியின் பேச்சைத் துரைக்கும் எடுத்துச் சொல்லக் கிராணியார் நடுவில் நின்றார் அல்லவா? அதுபோல், கட்டுப்பாட்டுக் கோல், மிதி, திரை அட்டை ஆகிய கருவிகளின் பேச்சை இயங்குதளத்துக்கு எடுத்துச் சொல்லும் சிறு மென்பொருள்கள் உண்டு. அவற்றை டிரைவர் என்பார்கள். லாரி ஓட்டும் டிரைவர் வேறு, இந்த டிரைவர் வேறு.

இனி, இயங்குதளத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்பது விளங்கும். புதிய துரை வருகிறார். அவருடைய செக்ரோல் வெறுமையாக இருக்கிறது. பழைய கிராணியாருக்குப் புதிய துரையின் மொழி தெரியாமல் போகலாம். முன்பு யார் வேண்டுமானாலும் நுழைந்த ஸ்டோர்க் கதவுக்கு இப்போது பூட்டுப் போட்டிருக்கலாம். பாவனை விமானத்தை இடம் மாற்றுவோர் சந்திக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும்: பதிவு இல்லாமை, டிரைவர் இல்லாமை, கதவு பூட்டியிருத்தல். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

பாவனை விமானம் பிறந்த கதையையும் சிறிது பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பம் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தியது. ஆர்கனில் காற்றடிக்கும் துருத்திகளைக் கொண்டே அவர் 1929இல், தரையில் நின்றபடி சாய்ந்தும் திரும்பியும் ஆடும் ஒரு பயிற்சி விமானத்தைச் செய்தார். தொடக்கத்தில் அதை வாங்க ஆளில்லை. 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் சுமக்கும் பொறுப்பை ஏற்றார்கள். மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி போதாமையால், சில வாரங்களுக்குள் அவர்களில் பலர் மாண்டார்கள். அதன் பின்னரே இராணுவம் லிங்கின் கருவிகள் ஆறினை வாங்கியது. பாவனை விமானம் விளையாட்டுப் பொருளாக அன்றி, உயிர் காக்கும் பயிற்சிக் கருவியாகவே மதிப்புப் பெற்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வீட்டுக் கணினியில் அதைக் கொண்டுவந்தவர்களுள் முன்னோடி புரூஸ் ஆர்ட்விக். இவருடைய நிரலை அடிப்படையாகக் கொண்டு, 1982இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஐபிஎம் கணினிக்கென ஃபிளைட் சிமுலேட்டரை வெளியிட்டது. அந்த முதல் பதிப்புக்கு இயங்குதளமே தேவைப்படவில்லை. காந்தத் தட்டைச் செருகிக் கணினியைத் தொடக்கினால் அதுவே நேராக ஓடத் தொடங்கும். நத்தை தன் வீட்டைத் தானே சுமப்பதுபோல அது தனக்கு வேண்டியதைத் தானே சுமந்தது. விண்டோசுக்கு எழுதப்பட்ட முதல் பதிப்பு 1996இல் விண்டோஸ் 95க்காக வந்தது. ஆபீசின் கீழ் வேலைக்குச் சேர்ந்த பிறகு வசதிகள் பெருகின. அதோடு, ஆபீஸ் மாறினால் தானும் மாற வேண்டிய கட்டாயமும் சேர்ந்தது.

சரி, பழைய இயங்குதளத்திலேயே இருந்துவிட்டால் என்ன? கணினி அக்டோபர் 15ஆம் நாள் நின்றுவிடவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். அது தொடர்ந்து ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க யாரும் வரமாட்டார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் கெட்ட நிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளின் கணினிகள் முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்தில் வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளும், திருத்தம் வருவது நின்றுபோன பழைய தளங்களுமே சிக்கின. வீட்டுக் கணினியில் வங்கிக் கணக்கும் சேமநிதிக் கணக்கும் பார்க்கிறோம் என்றால் இது நமக்கும் உரிய ஆபத்தே.

மற்றொரு காரணமும் உண்டு. பொருள் விற்கும் இடங்களே பழைய தளத்தைக் கைவிடுகின்றன. ஸ்டீம் என்னும் இணையக் கடையில் பாவனை விமானம் வாங்கியவர் பலர். அந்தக் கடை 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, விண்டோஸ் 8 ஆகியவற்றுக்கு ஆதரவு தருவதை நிறுத்திக்கொண்டது.

அப்படியானால் நம்முன் உள்ள வழிகள் யாவை? நான்கைச் சொல்லலாம்.

முதல் வழி, இருக்கும் கணினியிலேயே விண்டோஸ் 11க்கு மாறுவது. 2021 அக்டோபரில் வெளிவந்த இத்தளம், உரிமம் பெற்ற விண்டோஸ் 10 உள்ள தகுதியான கணினிகளுக்கு இலவசம். தகுதி என்பதில்தான் சிக்கல். டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புப் பூட்டு கணினியில் இருக்க வேண்டும். இண்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். இங்கே பெற்றோர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கணினிகளில் அந்தப் பூட்டு உள்ளேயே இருந்தும், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இண்டெல் கணினிகளில் பிடிடி என்றும், ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்றும் அதற்குப் பெயர். கணினி தொடங்கும்போது வரும் அமைப்புப் பக்கத்தில் அதை இயக்கிவிட்டால் போதும். மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் என்னும் இலவச மென்பொருள், கணினி தகுதியானதா, இல்லையென்றால் எந்தக் காரணத்தால் இல்லை என்பதைக் காட்டும். புதிது வாங்கச் சொல்லும் கடைக்காரரிடம் பணத்தை நீட்டுமுன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, கால அவகாசம் பெறுவது. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டார் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு என்று மைக்ரோசாஃப்ட் 2025இல் அறிவித்தது. இது நிலையான தீர்வன்று. பணம் சேர்க்க வேண்டியவர்க்குக் கிடைத்த தவணை என்று கொள்ளலாம்.

மூன்றாவது வழி, பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, பாவனை விமானத்துக்கு மட்டுமே வைத்துக்கொள்வது. வட்டில் வாங்கி முன்பே நிறுவிய பழைய பாவனை விமானத்துக்கு இணையம் தேவைப்படுவதில்லை. வங்கி வேலையை வேறு கருவியில் பார்த்துக்கொள்ளலாம். கண்ட கண்ட பென்டிரைவை மட்டும் அதில் செருகக் கூடாது. கெட்ட நிரல் அந்த வழியாகவும் நுழையும்.

நான்காவது வழி, லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்துக்கு மாறுவது. எக்ஸ்-பிளேன் என்னும் பாவனை விமானமும், முற்றிலும் இலவசமான ஃபிளைட்கியரும் லினக்சிலேயே நேராக ஓடும். மைக்ரோசாஃப்டின் பாவனை விமானங்கள் லினக்சுக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆகவே பிள்ளை எதை ஓட்டுகிறது என்பதைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

தகுதிச் சோதனையைக் குறுக்கு வழியில் தாண்டி விண்டோஸ் 11ஐ நிறுவித் தருவோரும் இருக்கிறார்கள். அத்தகைய கணினிகளுக்குத் தொடர்ந்து திருத்தம் கிடைக்கும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. திருத்தத்துக்காகத்தானே மாறுகிறோம்? அது கிடைக்கும் என்ற உறுதியில்லாத மாற்றத்தால் என்ன பயன்?

வழியைத் தீர்மானித்தாகிவிட்டது. உடனே தொடங்கலாமா? கூடாது. பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. முதலில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். கணினியில் எழுதாமல், கையால் எழுதுவது நல்லது. கணினிதானே மாறப் போகிறது!

அதில் மூன்று பகுதிகள் வேண்டும். முதல் பகுதியில் வாங்கியவை: பாவனை விமானம், பிறகு தனியாக வாங்கிச் சேர்த்த விமானங்கள், விமான நிலையங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கடையில், எந்த மின்னஞ்சல் முகவரியில், எந்த உரிம எண்ணில் வாங்கினோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் ஓர் உரிமத்தை இத்தனை கணினிக்குத்தான் என்று எண்ணிக் கொடுக்கின்றன. அப்படியானால் பழைய கணினியில் அந்த உரிமத்தை விடுவித்த பிறகே புதியதில் கேட்க வேண்டும். பழைய வன்தட்டை அழித்துவிட்டு அதன் பிறகு விடுவிக்க நினைத்தால் நடவாது.

இரண்டாம் பகுதியில் அமைப்புகள்: எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை, கோலின் எந்த அசைவுக்கு எந்த இறக்கை, திரையின் தெளிவு அளவு. இவற்றைப் பக்கம் பக்கமாகக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தும் வைக்கலாம். விலை கொடுத்து வாங்கியதைக் கடை திரும்பத் தரக்கூடும். பிள்ளை பல இரவுகள் உட்கார்ந்து சரிசெய்த அமைப்பை எந்தக் கடையும் தராது. இழந்தால் பெரிதும் வருந்த வேண்டியது அதற்குத்தான்.

மூன்றாம் பகுதியில் கருவிகள்: கோல், மிதி, திரை அட்டை ஆகியவற்றின் பெயரும் மாதிரி எண்ணும். எந்தக் கம்பி எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதற்குச் சிறு காகிதத்தை ஒட்டி எண் போடுங்கள். துளை மாறினால், அதே கோலை வேறொரு கோல் என்று விண்டோஸ் எண்ணிவிடுவது உண்டு.

இவற்றோடு, முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுங்கள். ஒரு நகல் போதாது. இரண்டு இடத்தில் வையுங்கள். எடுத்த நகலைத் திறந்து பார்த்து, உள்ளே கோப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். வன்தட்டு பூட்டெழுத்தில் காக்கப்பட்டிருந்தால், அதன் மீட்புச் சாவி எண்ணையும் நோட்டில் எழுதிவையுங்கள். பாதுகாப்புப் பூட்டின் அமைப்பை மாற்றும்போது கணினி அந்த எண்ணைக் கேட்கக்கூடும். அப்போது அது கையில் இல்லையென்றால் கோப்புகள் அனைத்தும் உள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும்.

இனி, மூன்று பாவனை விமானங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எப்படி இடம் மாறும் என்று பார்ப்போம்.

முதலாவது, 2006இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ். பழைய கணினியிலும் ஓடுவதால் இன்றும் பலர் வீட்டில் இருக்கிறது. இதன் கோப்புறையை நகலெடுத்துப் புதிய கணினியில் வைத்தால் மட்டும் போதாது. செக்ரோலில் பேர் இல்லாத ஆளாக அது நிற்கும். வட்டிலிருந்தோ கடையிலிருந்தோ முறையாக நிறுவ வேண்டும். நிறுவும் இடத்திலும் கவனம் வேண்டும். 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா முதல், புரோகிராம் ஃபைல்ஸ் என்னும் கோப்புறை பூட்டிய ஸ்டோர்போல் ஆகிவிட்டது. பழைய துணை மென்பொருள்கள் அதற்குள் எழுத முயன்று தோற்றுப்போகும். ஆகவே சி அல்லது டி தட்டில் தனியாக ஒரு கோப்புறை அமைத்து அதில் நிறுவுவது நல்லது. அதற்கும் முந்திய 2004ஆம் ஆண்டுப் பதிப்பு வைத்திருப்போர்க்கு வேறொரு தடை. அந்த வட்டுகளில் இருந்த சேஃப்டிஸ்க் என்னும் திருட்டுத் தடுப்பை விண்டோஸ் 10 வந்த 2015 முதலே இயங்குதளம் ஏற்பதில்லை. வட்டு பழுதில்லாமல் இருந்தும் ஓடாததற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, 2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர். இது மிகப் பெரியது. நிறுவனம் குறிப்பிட்ட இடத்தேவையே 150 ஜிகாபைட். தோட்டப்புறத்தில் கைத்தொலைபேசி வழியாக இணையம் பெறும் வீட்டில் இதை மறுபடி இறக்குவது எளிய காரியமா? தரவுக்கே எத்தனை வெள்ளி ஆகும்! ஆகவே அந்தக் கோப்புறையைத் தனி வன்தட்டில் நகலெடுத்து வைத்து, புதிதாக நிறுவும்போது அந்த இடத்தைக் காட்டினால், உள்ளதை அடையாளம் கண்டு, குறைவதை மட்டும் பெரும்பாலும் இறக்கிக்கொள்ளும். நாமே சேர்த்த விமானங்கள் கம்யூனிட்டி என்னும் கோப்புறையில் இருக்கும். அதைத் தனியே எடுத்துவைத்து, முதலில் அது இல்லாமலே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். கோலின் அமைப்புகள் நம் கணக்கோடு சேர்ந்து இணையத்தில் சேமிக்கப்படுகின்றன. எனவே கணக்கின் கடவுச்சொல்லை மறக்கக் கூடாது.

மூன்றாவது, எக்ஸ்-பிளேன். இது நத்தையின் குணத்தை இன்னும் விடாதது. விமானம், நிலப்பரப்பு, அமைப்பு எல்லாம் ஒரே கோப்புறைக்குள் இருக்கும். செக்ரோலை நம்பி அது வாழவில்லை. அந்தக் கோப்புறையை அப்படியே வேறு தட்டுக்குத் தூக்கிச் செல்லலாம். ஒரே உரிமம் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். இயங்குதளம் அடிக்கடி மாறும் என்று அஞ்சும் வீட்டார்க்கு இது ஒரு வசதி.

அடுத்துக் கருவிகள். யூஎஸ்பி துளையில் செருகும் சாதாரணக் கோல்களுக்குத் தனி டிரைவர் தேவைப்படுவதில்லை. அவை பேசும் பொது மொழியை எல்லா இயங்குதளமும் அறியும். 15 முனை கொண்ட பழைய கேம்போர்ட் கோல்களுக்கோ விண்டோஸ் விஸ்டாவிலேயே கதவு அடைபட்டுவிட்டது. தலையில் மாட்டிப் பார்க்கும் கண்ணாடி வைத்திருப்போர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி என்னும் வகைக் கண்ணாடிகளை விண்டோஸ் 10உம் விண்டோஸ் 11இன் முதற்பதிப்புகளும் ஏற்றன. 2024இல் வந்த 24எச்2 என்னும் பதிப்பில் அந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. கண்ணாடியில் எந்தக் கோளாறும் இல்லை. அதற்காகப் பேசும் ஆள் ஆபீசில் இல்லை. பழைய கருவி வாங்கும்போது, விலை குறைவு என்று மகிழுமுன், புதிய தளம் அதை ஏற்குமா என்று கேட்டுக்கொள்வது பணத்தைக் காக்கும்.

இடம் மாற்றும் வரிசையையும் சொல்லிவிடுவோம். முதலில் இயங்குதளம். அது ஓடி, திருத்தங்கள் எல்லாம் இறங்கட்டும். அடுத்து திரை அட்டையின் டிரைவர். அதன் பின் பாவனை விமானம் மட்டும். ஒருமுறை பறந்து பாருங்கள். பிறகு கோல். மறுபடி பறந்து பாருங்கள். பிறகு மிதி. அதற்குப் பிறகே வாங்கிச் சேர்த்தவை, அவையும் ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் ஒரே இரவில் ஏற்றிவிட்டு ஓடவில்லை என்று திகைத்தால், குற்றம் எதில் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்றைச் சேர்த்து ஒன்றைச் சோதித்தால், கெட்டது கடைசியாகச் சேர்த்ததே என்று தெரிந்துவிடும். விண்டோஸ் 10இலிருந்து அதே கணினியில் 11க்கு ஏறியவர்கள், மனம் ஒப்பவில்லையென்றால் வழக்கமாகப் பத்து நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம். எனவே சோதனையை அந்தப் பத்து நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

சோதனைக்கு என்று ஒரே பறப்பை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன் ஒருமுறை, மாற்றிய பின் ஒருமுறை. செஸ்னா 172 என்னும் சிறு விமானம் இதற்கு ஏற்றது. ஏறத்தாழ எல்லாப் பாவனை விமானங்களிலும் அது உண்டு. காற்று இல்லாத நல்ல வானிலையை அமைத்து, சுபாங் விமான நிலையத்தின் 15ஆம் ஓடுபாதையில் நிறுத்துங்கள். ஓடுபாதை 15 என்றால் திசைகாட்டி ஏறத்தாழ 150 பாகை காட்ட வேண்டும். விசையை முழுதும் கொடுங்கள். வேகம் 55 நாட் ஆனதும் கோலை மெல்ல இழுத்தால் மூக்கு உயர வேண்டும். ஒரு சுற்றுச் சுற்றி, 65 நாட் வேகத்தில் இறங்க வேண்டும். கோலை விட்டால் அது நடுவுக்கு வருகிறதா, மிதியில் கால் வைக்காமலே சுக்கான் ஆடுகிறதா, ஒரு நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பவற்றை நோட்டில் எழுதுங்கள். முன்பு 30 படம் ஓடிய இடத்தில் இப்போது 12 ஓடினால், முதலில் திரை அட்டையின் டிரைவரைப் பாருங்கள்.

ஓடும்போது விமானம் சற்றே இடப்பக்கம் இழுத்தால் கோல் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். இந்த வகை விமானத்தில் முன்னால் சுழலும் விசிறி, உண்மையிலேயே விமானத்தை இடப்பக்கம் இழுக்கும். வலது மிதியை அழுத்தி அதை நேராக்குவதே விமானியின் வேலை. மாற்றத்துக்கு முன்னும் அவ்வாறே இழுத்தது என்று நோட்டில் இருந்தால் ஐயம் தீர்ந்தது. முன்கூட்டிய பறப்பின் பயன் இதுதான்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். விமான நிறுவனங்கள் விமானிகளைப் பயிற்றும் பெரிய பாவனை விமானங்களுக்கு அந்தந்த நாட்டின் வான்போக்குவரத்து ஆணையம் சோதித்துத் தகுதிச் சான்று வழங்குகிறது. அவற்றின் கணினியில் முக்கியமான மாற்றம் செய்தால், ஆணையத்துக்குத் தெரிவித்து, முன் எடுத்த அளவுகளோடு மறுபடி ஒப்பிட்டுச் சோதித்த பிறகே பயிற்சிக்கு விடுவார்கள். நம் நோட்டுப் புத்தகம் செய்வதும் அந்த வேலையைத்தான்.

இங்கே பெற்றோர்க்கு ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கணினியில் பறந்த மணிநேரம் விமானி உரிமத்துக்குக் கணக்கில் சேராது. சான்று பெற்ற கருவியில், தகுதி பெற்ற பயிற்றுநரின் கீழ் பெறும் பயிற்சியே சேரும். ஆகவே, விலையுயர்ந்த கணினி வாங்கிக் கொடுத்தால் பிள்ளை விமானியாகிவிடும் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். அதே வேளையில், இது வெறும் விளையாட்டு என்று கணினியை மூடவும் வேண்டாம். கருவிகளைப் படிக்கவும், காற்றின் போக்கைக் கணக்கிடவும், பட்டியல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவும் பிள்ளை அதில் பழகுகிறது. இயங்குதளத்தை மாற்றும் வேலையை அதன் கையிலேயே கொடுத்து, நோட்டுப் புத்தகத்தை நீங்கள் பக்கம் பக்கமாகக் கேட்டு வாருங்கள். கணினி தெரியாத தந்தையாலும் தாயாலும் இதைச் செய்ய முடியும். எழுதியாயிற்றா, நகல் எடுத்தாயிற்றா, திறந்து பார்த்தாயிற்றா என்னும் மூன்று கேள்விகளே போதும்.

பழைய கணினியையோ பழைய வன்தட்டையோ, புதியதில் எல்லாம் சரியாக ஓடி ஒரு மாதம் ஆகும்வரை விற்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். மறந்துபோன ஒரு கோப்பு, விடுவிக்காத ஓர் உரிமம் பிறகே நினைவுக்கு வரும். விற்பது என்று முடிவானால், கடவுச்சொற்களும் குடும்பப் படங்களும் அதில் இல்லாதபடி முழுதும் துடைத்துவிட்டே விற்க வேண்டும்.

நேயர்களே, இயங்குதளம் இனியும் மாறிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 11க்கும் ஒரு முடிவு நாள் வரும். ஒவ்வொரு முறையும் புதுக் கணினியும் புதுக் கோலும் வாங்கிக்கொண்டிருக்க நம்மால் இயலாது. முன்பு சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டு நோட்டுப் புத்தகத்தை நிரப்பி வைத்திருக்கும் வீடு, அடுத்த மாற்றத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. பாவனை விமானத்துக்குச் சொன்ன இந்த முறை, வீட்டுக் கணக்குக்கும் பிள்ளையின் பாடக் குறிப்புக்கும் அப்படியே பொருந்தும்.